தண்ணீர் விதித்த வேகம்

இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் நேரோபோட் என்றொரு ஒல்லிப் படகு உண்டு. அகலம் 7 அடிதான். நீளமோ சிலவற்றில் 70 அடி. உள்ளே அடுப்பு, கட்டில், கணப்பு எல்லாம் அடங்கியிருக்கும். வசந்தத்தில் கரையோர முட்செடிகள் வெள்ளை வெளேரெனப் பூக்கும் நாட்களில் பலர் இதில் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலான கால்வாய்களில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. கரையில் எட்டி நடப்பவர் முந்திவிடுவார். இந்த நிதானத்தைப் பயணிகளின் மனப்பக்குவமாகப் பாராட்டுவது வழக்கம். அந்தப் பாராட்டு தண்ணீருக்குச் சேர வேண்டியது என்பது என் கட்சி.

கால்வாய் குறுகல், ஆழமும் குறைவு. படகு விரைந்தால் அலை எழும்பிக் கரையை அரிக்கும். கரையில் கட்டியிருக்கும் படகுகளின் முளையையே பிடுங்கிவிடும். மேட்டில் ஏறுவதற்கோ நீர்ப்பூட்டு. இரு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, மதகைத் திறந்துவிட்டு, நீர் நிரம்பும்வரை காத்திருந்து ஒரு படி ஏற வேண்டும். பர்மிங்ஹாமுக்குத் தெற்கே டார்டபிக் என்ற இடத்தில் இரண்டேகால் மைலுக்குள் இப்படி 30 படிகள். அரை நாள் அதற்கே சரி. ஒவ்வொரு தடவையும் லட்சம் லிட்டருக்கு மேல் நீர் கீழிறங்குகிறது. ஆகவே எதிரே படகு வந்தால், நிரம்பிய பூட்டை அதற்கு விட்டுக்கொடுப்பதுதான் முறை. காசு கொடுத்து வரிசையைத் தாண்ட வழியில்லை. முந்த முடியாத இடத்தில், பிந்துகிறோமே என்ற பதைப்பும் இல்லை. வீட்டிலேயே 'இன்று ஓய்வு' என்று சங்கற்பம் செய்துகொள்பவருக்கு இது வாய்ப்பதில்லை; அவர் உட்கார்ந்திருக்கும்போது ஊர் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இந்தக் கால்வாய்கள் ஓய்வுக்காக வெட்டியவையா? இல்லை. 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் மான்செஸ்டருக்கு நிலக்கரியைக் கொண்டுவந்தபோது அங்கே அதன் விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. சாலையில் இழுக்கத் திணறும் சுமையைப் போலப் பல மடங்கை, சுமார் 30 டன்னை, கரையில் நடக்கும் ஒற்றைக் குதிரை நீரில் இழுத்துவிடும். பீங்கான் உற்பத்தியாளர் வெட்ஜ்வுட் டிரென்ட்-மெர்சி கால்வாய்க்கு முன்னின்றதும், குலுங்கும் வண்டியில் தன் பாண்டங்கள் உடைந்துகொண்டிருந்ததால்தான். ரயிலோடு போட்டியிட வேண்டி வந்தபின், படகோட்டிகள் மனைவி மக்களோடு 10 அடி அறைக்குள் குடியிருந்தார்கள். சரக்கு போய்ச் சேர்ந்தால்தான் கூலி. பூட்டருகே காத்திருந்த நேரமெல்லாம் அவர்களுக்குக் கூலி இழப்பு. அதே நீர், அதே வேகம். நிதானம் மட்டும் எங்கே போயிற்று?

இந்த மறுப்புக்கு நான் பாதி இணங்கத்தான் வேண்டும். தண்ணீர் வேகத்தைக் கட்டும். அக்கரையில் கணக்கோடு காத்திருக்கும் முதலாளியைக் கட்டாது. அவர் இல்லாத பயணத்தில்தான் அந்தக் கட்டு ஓய்வாக மாறுகிறது. விடுமுறையும் வாடகைப் பணமும் உள்ளவர்களுக்கே இது எட்டும் என்பதையும் மறைப்பதற்கில்லை. எழுத்தாளர் டாம் ரோல்ட்டின் 'நேரோ போட்' நூல் 1944இல் வெளிவந்து, 1946இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கமும் தோன்றிய பிறகு, தூர்ந்துகொண்டிருந்த பல கால்வாய்கள் பிழைத்தன. அவற்றின் பழைய பாலங்களுக்கு அடியில் போகும்போது, மூலையில் பதித்த இரும்பைப் பார்க்கலாம். குதிரைகள் இழுத்த நனைந்த கயிறு, தலைமுறை தலைமுறையாக உரசி உரசி, அதில் விரல் நுழையும் அளவுக்குத் தடம் வெட்டியிருக்கிறது.