ரிப்போர்ட் யாருடையது?

உங்கள் அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புராஸ்டேட் புற்றுநோய். கவரை முதலில் யார் பிரிப்பார்கள்? நம்ம வீடுகளில் பெரும்பாலும் அப்பா இல்லை. மூத்த பிள்ளை, இல்லாவிட்டால் மாப்பிள்ளை. படித்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் வந்து சொல்வார்கள்: ‘ஒண்ணுமில்லப்பா... லேசா இன்ஃபெக்‌ஷன்.’

பாசத்தில் சொன்ன பொய். சரியா, தப்பா?

அடுத்தது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். புற்றுநோய் இருக்கிறதா, எவ்வளவு வீரியம் என்பதை பயாப்ஸி சொல்லிவிடும். அது நெல்லிக்காய் அளவு சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கிறதா, தாண்டி வெளியே வந்துவிட்டதா என்பதை இந்தப் படம் காட்டும். கதிர்வீச்சு கிடையாது. கடகட சத்தத்துக்கு நடுவே அரை மணி, முக்கால் மணி அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால், ஊசி குத்திய இடத்தில் கசிந்த ரத்தம் படத்தைக் குழப்பும். அதனால் ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்கச் சொல்வது வழக்கம். இந்தச் சிக்கலே வேண்டாம் என்று இப்போது பல டாக்டர்கள் முதலில் ஸ்கேன், பிறகுதான் ஊசி என்கிறார்கள்.

திருவண்ணாமலையில் இருக்கிற ஒரு அப்பாவை நினைத்துப் பாருங்கள். ஆறு வாரக் காத்திருப்பில் ஒரு பௌர்ணமி கட்டாயம் வரும். வழக்கம்போல 14 கிலோமீட்டர் கிரிவலத்துக்குக் கிளம்புகிறார். ‘இந்த வாட்டி வேணாம்ப்பா’ என்கிறான் பிள்ளை. ஏன் என்றால் பதில் இல்லை. வீட்டில் எல்லோரும் திடீரென்று அன்பாகப் பேசுகிறார்கள். எழுபது வருஷம் உலகத்தைப் பார்த்தவருக்குப் புரியாதா? புரியும். புரியாத மாதிரி நடிப்பார். ஒரே கூரைக்குக் கீழே ஆளுக்கொரு மூலையில் தனித்தனியாகப் பயந்துகொண்டிருப்பார்கள்.

ஸ்கேன் எதற்கு? முடிவெடுக்கத்தானே! நோய் சுரப்பிக்குள் அடங்கியிருந்தால் ஆபரேஷன், கதிர்வீச்சு, அல்லது அவசரப்படாமல் கண்காணிப்பது என்று பல வழிகள் உண்டு. பிரிட்டனில் அப்படிப்பட்ட 1,643 ஆண்களை இந்த மூன்று வழிகளுக்கும் பிரித்து, சுமார் 15 வருஷம் தொடர்ந்தார்கள். 2023-ல் முடிவு வெளியானது. இந்த நோயால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர். எந்த வழியில் போனவர்களுக்கும் அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் வேறு இடத்தில். ஆபரேஷன் என்றால் சிறுநீர் அடங்காமல் போகலாம், தாம்பத்தியம் பாதிக்கப்படலாம். கதிர்வீச்சு குடலைத் தொந்தரவு செய்யலாம். கண்காணிப்பு என்றால் நோய் பரவும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், மனசும் அடித்துக்கொள்ளும். இதில் எதைத் தாங்க முடியும் என்று அப்பாவைத் தவிர வேறு யாரால் சொல்ல முடியும்?

அதே திருவண்ணாமலையில் 1949-ல் ரமண மகரிஷியின் இடது முழங்கைக்குக் கீழே ஒரு கட்டி. பிப்ரவரியில் அகற்றினார்கள். மறுபடி வளர்ந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் வைத்தார்கள். டிசம்பருக்குள் நான்கு ஆபரேஷன். அன்பர்கள், டாக்டர்கள் சொன்னதற்கெல்லாம் உடம்பைக் கொடுத்தவர், கையையே எடுத்துவிடலாம் என்றபோது மட்டும் மறுத்துவிட்டார். 1950 ஏப்ரல் 14-ல் மறைந்தார். கையை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதல்ல விஷயம். அவரிடம் சொன்னார்கள், கேட்டார்கள். அதனால்தான் சிலவற்றுக்குச் சரி என்றும், ஒன்றுக்கு வேண்டாம் என்றும் அவரால் சொல்ல முடிந்தது. நம் அப்பாக்கள் மகரிஷிகள் இல்லைதான். ஆனால், கேட்கப்படுவதற்கு ஞானியாக இருக்க வேண்டுமா என்ன?

பி.காம். படித்தவன் பாஷையில் சொல்கிறேன். கம்பெனியின் ஆடிட் ரிப்போர்ட் பங்குதாரர்களுக்கு எழுதப்படுகிறது. முதல் போட்டவனுக்குத்தான் லாப நஷ்டம் தெரிய வேண்டும். உடம்பை முதலாகப் போட்டவர் அப்பா. பிள்ளை பீஸ் கட்டினான் என்பதற்காக ரிப்போர்ட் அவனுடையதாகிவிடாது.

‘எனக்கு எதுவும் சொல்லாதீங்க, நீங்களே பார்த்துக்குங்க’ என்று சில அப்பாக்கள் சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம், அதுவும் அவருடைய உரிமை. ஆனால், அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

எனவே, ரிப்போர்ட் வந்த பிறகு தவிக்காதீர்கள். ஊசி போடுவதற்கு முன்பே, காபி குடிக்கும்போது சாதாரணமாகக் கேட்டுவிடுங்கள்: ‘அப்பா, ரிசல்ட் வந்தா முதல்ல யார்கிட்ட சொல்லச் சொல்லட்டும்?’