365-உம் நிலையில்லை

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை ஆண்டின் நாளுக்கு ஒன்றாகக் கணக்குச் சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று படித்திருவிழாவும் நடக்கும். ஆனால் அந்த 365-உம் நிலையான எண் அல்ல. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பவளப் புதைபடிவங்களின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணினால், அன்றைய ஆண்டுக்கு ஏறத்தாழ 400 நாட்கள் வருகின்றன. கடல் ஓதங்கள் இழுத்து இழுத்துப் பூமியின் சுழற்சி தளர்ந்திருக்கிறது. திருத்தணி ஊரே 1960 வரை ஆந்திரத்தில் இருந்ததுதான். நிலையாமையைப் பேசி வளர்ந்த தமிழ் மரபுக்கு இதில் வியப்பில்லை. மாற்றங்களை நடத்தும் விதிகளும் மாறுமா, மாறவில்லை என்றால் அதை இறைவனுக்குச் சான்றாகக் கொள்ளலாமா என்பதுதான் கடினமான கேள்வி.

இந்தக் கேள்வியின் முதல் பாதியை வானொலி வானியல் சோதித்துப் பார்க்கிறது. மூலக்கூறுகள் எந்த அதிர்வெண்ணில் அலை உமிழும் என்பதை, ஏறத்தாழ 137-இல் ஒரு பங்கான நுண்கட்டமைப்பு மாறிலி போன்ற எண்கள் தீர்மானிக்கின்றன. புணேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் நிசிம் கனேகரும் ஜெயராம் செங்கலூரும், அரசிபோ தொலைநோக்கி நிலையத்தின் தபசி கோஷும், சுமார் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஹைட்ராக்சில் மூலக்கூற்றின் அலைகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் 1612, 1720 மெகாஹெர்ட்ஸ் கோடுகளில் ஒன்று உட்கவரப்படும்போது மற்றொன்று அதே வடிவில் உமிழப்படுகிறது. இரண்டும் ஒரே வாயுவிலிருந்து வந்தவை என்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. அவற்றுக்கிடையே விலகல் தென்பட்டால் பழியை வாயுவின் ஓட்டத்தின் மேல் போட முடியாது. 2010-இல் மெல்லிய விலகல் ஒன்று தென்படத்தான் செய்தது. அரசிபோவில் 125 மணி நேரம் கேட்டபின், 2018-இல் அது மறைந்துவிட்டது. மாற்றம் இருந்தாலும் பத்து லட்சத்தில் ஓரிரு பங்குக்குள்தான். அளவுகோலும் சேர்ந்தே மாறியிருந்தால்? இங்கே அளக்கப்படுவது மீட்டரோ நொடியோ அல்ல, அலகில்லாத விகிதம். எனவே அந்த ஐயம் இங்கே செல்லாது.

இதைக் கேட்டதும், மாறாத விதிக்குப் பின்னால் மாறாதவன் இருக்கிறான் என்று சொல்லத் தோன்றும். அவசரம் வேண்டாம். தொலைநோக்கி தந்தது ஓர் உச்சவரம்பு மட்டுமே. பூஜ்யத்தை அது அளக்கவில்லை. அதன்மேல் கடவுளை உட்கார வைத்தால், நாளைக்கு ஒரு விலகல் உறுதியானதும் அவரை எழுப்பிவிட நேரும். சைவ சித்தாந்தம் இந்தத் தவற்றைச் செய்யவில்லை. மாயையின் காரியங்கள் மாறும் என்று ஒப்புக்கொண்டு, பதியாகிய இறைவனை அந்தக் கணக்குக்கு வெளியே வைத்தது. விஞ்ஞானமும் இயற்கையின் ஒழுங்கை நம்பித்தானே இயங்குகிறது என்பார்கள். நம்புகிறது, ஆனால் தோற்கக்கூடிய இடத்தில் அந்த நம்பிக்கையை நிறுத்திக் கேள்வி கேட்கிறது. திருத்தணியில் பிறந்த தத்துவஞானி ராதாகிருஷ்ணன் சமயத்தை அனுபவத்தின் மீது நிறுத்த முயன்றவர். அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டால் இப்படிப்பட்ட விசாரணைக்கு அஞ்சக் கூடாது. அந்த விசாரணைக்கு உதவிய அரசிபோ தொலைநோக்கி 2020 டிசம்பரில் இடிந்து விழுந்தது. இன்னும் நுட்பமான சோதனைகளுக்கு, இந்தியாவும் பங்கேற்று ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எழுப்பப்படும் சதுரக் கிலோமீட்டர் அணிவரிசைத் தொலைநோக்கி பயன்படும்.