சந்தேகத்தின் பலன் யாருக்கு?

ஓர் இளம்பெண் மர்மமாக இறந்துபோனால் நாம் முதலில் கேட்க வேண்டியது, "எப்படி இறந்தார்?" என்பதுதான். ஆனா நம்ம வாயில முதல்ல வர்றது என்ன? "அவ யாரோட பழகினா? அந்த நேரத்துல ஏன் வெளியே போனா?" இப்படிக் கேட்பது நியாயமா? 1799-இல் நியூயார்க் நகரில் நடந்த ஒன்றை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

எல்மா சாண்ட்ஸ் என்ற இளம்பெண், தம் உறவினர் கேத்தரின் ரிங்கும் அவர் கணவரும் நடத்திய விடுதியில் தங்கியிருந்தார். லீவை வீக்ஸ் என்ற தச்சரும் அங்கேயே குடியிருந்தார். டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வெளியே போன எல்மா திரும்பவே இல்லை. லீவையை இரகசியமாக மணக்கத்தான் அவர் போனார் என்றார் கேத்தரின். 1800 ஜனவரி 2-இல், மன்ஹாட்டன் கிணற்றில் எல்மாவின் உடல் கிடைத்தது.

ஊர் காத்திருக்கவில்லை. உடலை வெளியே வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். லீவைதான் கொலைகாரன் என்று துண்டறிக்கைகள் பறந்தன. வழக்கு தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதியாச்சு!

லீவையின் சகோதரர் எஸ்ரா வசதியான கட்டடக் குத்தகையாளர். அலெக்சாண்டர் ஹாமில்டன், ஆரன் பர், புரோக்ஹோல்ஸ்ட் லிவிங்ஸ்டன் என்று மூன்று பெரிய வழக்கறிஞர்கள் லீவைக்காக நின்றார்கள். அன்று மாலை லீவை எஸ்ராவின் வீட்டில் இருந்ததாகச் சாட்சி வந்தது. அதோடு நிற்கவில்லை. எல்மா மனச்சோர்வு உடையவர், லாடனம் என்ற அபின் மருந்தைக் குடிக்கப் போவதாகச் சொன்னவர், விடுதிக்காரரோடு தவறான உறவு வைத்திருந்தவர் என்றெல்லாம் பேசப்பட்டது. இரண்டு நாள் விசாரணைக்குப் பின், சில நிமிடங்களிலேயே ஜூரி லீவையை விடுவித்தது. எல்மா எப்படி இறந்தார் என்பது இன்றுவரை புதிர்தான்.

லீவையை விடுவித்தது தவறு என்று நான் சொல்லவில்லை. போதிய ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் தூக்கில் போடுவது அறமாகாது. சந்தேகத்தின் பலன் அவருக்குக் கிடைத்தது, கிடைக்கத்தான் வேண்டும். ஆனால் எல்மாவுக்கு அந்தப் பலனை யார் கொடுத்தது? அவர்மீது சொன்னதும் நிரூபிக்கப்படாத பேச்சுதானே? லீவைக்கு வாதாட மூன்று பேர் இருந்தார்கள். "அது பொய்" என்று எழுந்து சொல்ல எல்மாவால் முடியாது.

"கட்சிக்காரரைக் காப்பாற்ற வழக்கறிஞர் எல்லாக் கோணத்தையும் காட்டத்தானே வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஓர் உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்ற காரணம் அவர்களுக்கு இருந்தது. நமக்கு என்ன காரணம் இருக்கு? வாட்சாப் குழுவில் இறந்த பெண்ணின் படத்தைப் போட்டு, "அவ அப்படித்தானாம்" என்று அனுப்பும்போது யாருடைய உயிரைக் காப்பாற்றுகிறோம்?

அந்தத் துண்டறிக்கைக்காரர்கள் உயிரோடிருந்தவரை ஆதாரமின்றித் தண்டித்தார்கள். நாம் இறந்தவரை ஆதாரமின்றித் தண்டிக்கிறோம். இரண்டும் ஒரே குற்றம்தான். அதனால் அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால், "எனக்குத் தெரியாது, விசாரிக்கட்டும்" என்று சொல்லிப் பழகுவோம். அது கோழைத்தனம் இல்லை. சந்தேகத்தின் பலனை இருவருக்குமே கொடுக்கும் நியாயம் அது.