காட்சி என்கிற பழக்கம்

இங்கிலாந்தின் தென்மேற்கில், எக்ஸ்மூர் தேசியப் பூங்காவின் விளிம்பில் உள்ள மைன்ஹெட்டில் தொடங்கி, ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் கடலை ஒட்டியே போகும் நடைபாதை ஒன்று உண்டு. அழகுக்குப் பெயர்போனது. ஆனால் அதை நடந்து நடந்து உண்டாக்கியவர்கள் அழகைத் தேடியவர்களல்ல. கள்ளக்கடத்தலைப் பிடிக்க ஒவ்வொரு சிறு குடாவுக்குள்ளும் எட்டிப்பார்க்க வேண்டியிருந்த கடலோரக் காவலர்கள். பாதை இவ்வளவு பிடிவாதமாக விளிம்பிலேயே போவதற்கு அதுவே காரணம். காவல் போய்ப் பார்வை மிஞ்சியது. ஆட்களைத் தேடிய கண் நின்ற இடத்தில், ஆள் குறுக்கே வந்தால் சலித்துக்கொள்கிற கண் இன்று நிற்கிறது.

மனிதர் விலகிய நிலமே இயற்கை என்ற இந்த எண்ணம் நமக்குப் புதிது. தொல்காப்பியம் கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வத்தோடும் மரத்தோடும் புள்ளோடும் உணவையும் பறையையும் தொழிலையும் ஒரே வரிசையில் வைக்கிறது. உப்பு விளைவிப்பவரும், காயும் மீனுக்குக் காவலிருக்கும் பெண்ணும் சேர்ந்ததே நெய்தல். அவர்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திணையல்ல, வெறும் தண்ணீர்.

இதை வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக் கிரிவலத்தை உயர்த்திப் பேசிவிடலாம். 14 கிலோமீட்டர் சுற்றில் 'இங்கிருந்து பார்' என்று ஒரு முனை கிடையாது. மலை எப்போதும் வலப்புறம். உருவம் மாறிக்கொண்டே வரும். எந்த உருவமும் முடிவானதல்ல. அவர்கள் பார்க்கிறார்கள், நாம் வணங்குகிறோம் என்று நம் கட்டுரையாளர்கள் திருப்திப்பட்டுக்கொள்ளும் இடம் இது. எனக்கு அந்தத் திருப்தி வரவில்லை.

ஃபெஞ்சல் புயல் மழையில், 2024 டிசம்பர் 1 அன்று, இந்த மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13இல் தீபம் ஏற்றப்பட்டது. பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை; கீழே வலம் வந்தார்கள். வலம் வருபவர் மலையோரப் பக்கத்தைச் சித்தர்களுக்கு விட்டுவிட்டு இடப்புறமாகவே நடக்க வேண்டும் என்பது வழக்கம். கண்ணுக்குத் தெரியாதவர்களுக்கு வழிவிடும் இந்த மரியாதை எனக்குப் பிடித்தமானது. ஆனால் அந்தப் பக்கத்தில்தான் அந்த வீடும் இருந்தது. வணங்குகிற கண்ணும் மலையைக் காலி செய்துவிட்டே வணங்குகிறதோ என்ற சந்தேகம் அங்கே தொடங்குகிறது.

சரிவில் உள்ள வீடுகளுக்கு 'ஆக்கிரமிப்பு' என்று பெயர். 1899 முதல் 1922 வரை ரமணர் இதே மலையில், பெரும்பாலும் விருபாட்ச குகையிலும் பிறகு கந்தாசிரமத்திலும், குடியிருந்தார். அதை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை, சொல்லவும் கூடாது. இரண்டும் வேறுவேறுதான். ஒருவர் மலைக்காக வந்தார். மற்றவர்கள் வேறு இடம் கிடைக்காததால் வந்தார்கள். ஆனால் பிரச்னையே இதுதான்: போக்கிடம் இல்லாமை, குடியிருப்பதற்கு பக்தியைவிடக் குறைந்த காரணமா?

அந்த வீடுகள் அங்கே இருக்கக்கூடாது என்ற முடிவு சரியாகவே இருக்கலாம். பாறை உருளும் சரிவில் குழந்தைகளைத் தூங்கவைக்கச் சொல்லி யாரும் வாதாட முடியாது. முடிவு ஒன்றேயானாலும் அதற்கு வரும் வழி முக்கியம். அவர்கள் செத்துப்போவார்கள் என்பதற்காக அகற்றுவது ஒரு காரியம். மலையின் தோற்றம் கெடுகிறது என்பதற்காக அகற்றுவது இன்னொரு காரியம். முதலாவதில் அவர்களுக்கு வேறு இடம் தேடித்தரும் கடமை அகற்றுகிறவனைத் தொடர்ந்து வரும். இரண்டாவதில் வராது, குப்பையை அள்ளியதும் வேலை முடிந்தது என்று கையைக் கழுவிக்கொண்டு அவன் போய்விடலாம்.