குடவோலையும் மருத்துவ இடமும்

செய்ய வேண்டியதையெல்லாம் செய்த பிறகும் பலன் கிடைக்காவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? கோயில் பிரசங்கங்களில் இந்தக் கேள்வி அவ்வப்போது எழும். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் தமிழ் வீடுகளில் இது அன்றாடம் எழுகிறது. மருத்துவம், மருந்தாக்கவியல், இயன்மருத்துவம், தாதியியல் என்று ஏதோ ஒன்றுக்கு ஆயத்தமாகும் பிள்ளை பல வீடுகளில் உண்டு.

நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்தவன். ஓய்வு பெற்ற பின் மகளின் குடும்பத்தோடு இங்கே இருக்கிறேன். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் எங்களுக்குக் கிட்ட. ஆவணி பிறந்தால், “சேர், முதலாம் வருஷத்துக்கு என்ன பாடம் எடுக்கிறது?” என்று அயலட்டைப் பிள்ளைகள் தாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.

நடைமுறையை முதலில் சொல்லிவிடுவேன். முதலாம் ஆண்டில் உயிரியல், பொது இரசாயனம், கணிதம். எம்கற் எனப்படும் மருத்துவப் பிரவேசப் பரீட்சை 2015 முதல் உளவியலையும் சமூகவியலையும் சேர்த்தே சோதிக்கிறது. ஆகவே உளவியலைப் பிந்தவிடக் கூடாது. இரண்டாம் ஆண்டில் சேதன இரசாயனமும் புள்ளிவிபரவியலும், அதன் பிறகு உயிரிரசாயனமும் உடற்றொழிலியலும். மக்மாஸ்டர் மருத்துவபீடம் இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைப்பதில்லை. ரொறன்ரோவின் இயன்மருத்துவ முதுமாணிப் படிப்போ உடற்றொழிலியலையும் புள்ளிவிபரவியலையும் கேட்கிறது. இடத்துக்கு இடம் விதி வேறு, ஆண்டுக்கு ஆண்டு மாறவும் கூடும். அந்தந்தப் பீடத்தின் அறிவிப்பைப் பிள்ளை தானே வாசிக்க வேண்டும். இவ்வளவும் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும் வேலை.

எழும்பும்போதுதான் தாய் கேட்பார்: “இதெல்லாம் எடுத்தால் கட்டாயம் கிடைக்கும்தானே, சேர்?” இந்தக் கேள்விக்குப் பாடத்திட்டத்தில் பதில் கிடையாது.

அந்தத் தாயின் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில், இலங்கையில் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்களுக்கு 400க்கு 250 புள்ளி வேண்டியிருந்தது. சிங்களமொழி மூலம் எழுதியவர்களுக்கு 229 போதுமாயிருந்தது. அதன் பிறகு மொழிவாரியாகப் புள்ளிகளைச் சமன்செய்யும் தரப்படுத்தலும், இடங்களை மாவட்டவாரியாகப் பிரிக்கும் பங்கீடும் வந்தன. முயற்சிக்கும் பலனுக்கும் நடுவே அரசு வந்து நின்றதைக் கண்ட தலைமுறை நாங்கள். கனடாவுக்கு வந்தபோது, இங்கே அப்படி எதுவும் நில்லாது, படித்தால் கிடைக்கும் என்று நம்பினோம். அந்த நம்பிக்கையைத்தான் பிள்ளைகளின் தோளில் ஏற்றி வைத்திருக்கிறோம்.

2024இல் கிங்ஸ்டனில் உள்ள குயின்ஸ் பல்கலைக்கழகம் தன் மருத்துவ அனுமதி முறையை மாற்றி அறிவித்தது. சராசரிப் புள்ளியிலும் எம்கற்றிலும், சூழ்நிலைகளில் எப்படி நடப்பார் என்று சோதிக்கும் கஸ்பர் தேர்விலும் குறித்த எல்லையைத் தாண்டியவர்களின் பெயர்கள் குலுக்கலுக்குப் போகும். அதில் வந்தவர்களே அடுத்த கட்டத்துக்கு எடுக்கப்படுவார்கள். செய்தி வந்த கிழமை ஒரு தகப்பன் என்னிடம் கொதித்துப் போய் வந்தார். “இரவு பகலாய்ப் படிச்ச பிள்ளையின்ர தலைவிதியைக் குலுக்கிப் போட்டு எடுக்கிறதோ? இது அநியாயமில்லையோ?”

அவர் கொதிப்பு எனக்கு விளங்கியது. ஆனால் எனக்குத் தமிழ்நாட்டின் உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபை வாரியங்களுக்கு ஆள் தெரிவுசெய்த முறையைச் சொல்கின்றன. நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் என்று தகுதிகள் கண்டிப்பாக வகுக்கப்பட்டிருந்தன. அவை உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். இதுதான் குடவோலை. தகுதியை மனிதர் தீர்மானித்தார்கள். தகுதியுள்ளவர்களுக்குள்ளே இன்னாரென்று தீர்மானிக்கும் இடத்தில் மனிதர் தம் கையை விலக்கிக்கொண்டார்கள். அதில் கல்விக்கு அவமதிப்பு எதையும் நான் காணவில்லை. நெதர்லாந்தும் 1970களிலிருந்து பல தசாப்தங்கள் மருத்துவ மாணவரை ஒருவகைக் குலுக்கலால் எடுத்தது.

குலுக்கல் இல்லாத பீடங்களில் மட்டும் எல்லாம் முயற்சியால்தான் நடக்கிறதா? ஒரே அளவு திறமையுள்ள பலர் சில இடங்களுக்கு நிற்கும்போது, நேர்முகம் காண யார் வந்தார், அன்று உடம்பு எப்படியிருந்தது, எந்தக் கேள்வி விழுந்தது என்பவை முடிவைத் திருப்புகின்றன. குயின்ஸ் அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரம். முன்னது ஊழினும் வலியது எதுவுமில்லை என்ற கருத்தில் முடிகிறது. பின்னது, சோர்வில்லாமல் முயல்பவர் ஊழையும் தோற்றோடச் செய்வார் என்ற கருத்தில் முடிகிறது. ஒரே நூல் இரண்டையும் எப்படிச் சொல்லலாம் என்று இளவயதில் எனக்குக் குழப்பம். இந்தப் பிள்ளைகளோடு பழகிய பிறகு எனக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. தொடங்கப் போகிறவனுக்கு வேண்டியது முயற்சியின் சொல். முடிந்து போனதை நினைத்து நொந்திருப்பவனுக்கு வேண்டியது ஊழின் சொல். நாங்கள் இடம் மாற்றிப் பேசுகிறோம். முதலாம் ஆண்டுப் பிள்ளையிடம் “எல்லாம் எழுதினபடி நடக்கும்” என்கிறோம். கடிதம் வராத பிள்ளையிடம் “நீ வடிவாப் படிச்சிருந்தால் கிடைச்சிருக்கும்” என்கிறோம். இரண்டாவது, பிள்ளையின் மனத்தை முறிக்கிற பேச்சு.

“ஏதோ கன்மம்” என்று முணுமுணுப்பதும் அப்படியே. சைவ சித்தாந்தத்தில் கன்மம் மும்மலங்களுள் ஒன்று. உயிரைக் கட்டியிருப்பது, இறைவன் அருளால் கழிய வேண்டியது. இன்னோர் உயிரின் கன்மத்தை வாசித்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையைச் சமயம் எவருக்கும் தரவில்லை, பெற்றோருக்கும்தான்.

அப்படியானால் பலன் நிச்சயமில்லாத வேலையை எப்படித் திட்டமிடுவது? பிள்ளைகளிடம் நான் ஒன்று கேட்பேன்: “நீ விரும்புகிற கதவு திறக்காமலே போனாலும், இந்தப் பாடத்தைப் படித்தது நல்லது என்று சொல்வாயா?” சராசரி கூடும் என்பதற்காக மட்டும் சுலபமான பாடங்களைப் பொறுக்கும் பிள்ளை இதற்குப் பதில் சொல்லத் தடுமாறும். சேதன இரசாயனம் கடினந்தான். ஆனால் மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள அது வேண்டும். நாளைக்கு முன்னால் வந்து இருக்கும் நோயாளிக்கு உதவப் போவது அந்த விளக்கம், சராசரிப் புள்ளி அல்ல.

தொண்டும் இப்படித்தான். ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிக்க 40 மணித்தியாலச் சமூகசேவை கட்டாயம். அன்னதானத்தில் பரிமாறிய பிள்ளை படிவத்தில் கையெழுத்துக் கேட்பதில் பிழையில்லை. படிவம் நிரம்பிய பிறகும் அந்தப் பிள்ளை பந்தியில் நிற்கிறதா என்பதே கேள்வி. எங்கள் ஊருக்கு மேலைத்தேய மருத்துவமும் ஒரு சமயத் தொண்டாகவே வந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவ மாணவர்களைப் பயிற்றினார், தமிழிலேயே படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தொழிலின் வேர் அங்கே இருக்கிறது.

எங்கள் தெருப் பிள்ளை ஒன்று மருத்துவத்துக்கு விண்ணப்பித்து, நேர்முக அழைப்பே வராமல் நின்றது. படித்த உடற்றொழிலியலும் புள்ளிவிபரவியலும் வீண்போகவில்லை. இன்று அது இயன்மருத்துவர். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்னைப் போன்ற கிழவர்களைப் படியேற வைக்கிறது. நோயாளியின் வேதனை குறையும் இடமெல்லாம் மருத்துவம்தான்.

பெற்றோரே, நேர்த்தி வையுங்கள், அருச்சனை செய்யுங்கள். வேண்டாம் என்று சொல்லேன். ஆனால் இடம் கிடைக்க வேண்டும் என்று மட்டும் வேண்டாதீர்கள். பிள்ளை நேர்மையாகப் படிக்கவும், கிடைத்த வழியில் பிறருக்கு உதவவும் வேண்டுங்கள். முடிவு எதுவாக வந்தாலும், “உன் கடமையை நீ செய்துவிட்டாய்” என்ற சொல்லைப் பிள்ளை முதலில் உங்கள் வாயிலிருந்து கேட்கட்டும்.