கங்காணியா, கடவுளா?

மலேசியாவின் சிரம்பான் பட்டணத்தை ஒட்டியிருக்கும் லோபாக்கில் இன்று பால்மரம் கிடையாது. லாபு, ரந்தாவ், சிலியாவ் பக்கத்துத் தோட்டங்கள் கைமாறின. கித்தா போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தைவிட்டுக் கிளம்பியவர்கள் பட்டணத்தைச் சுற்றிக் குடியேறினார்கள். அப்படி வந்த ஓர் ஓய்வுபெற்ற உபதேசியார்தான் இந்த உரையாடலின் குரு. சீடன், செனாவாங் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞன். மாரியம்மனைக் கும்பிடும் குடும்பம். ஞானஸ்நானம் பெறலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கிறான். இருவரும் நான் படைத்த மாந்தர்கள். அவர்கள் கையில் இருக்கும் கேள்விகளை நான் படைக்கவில்லை.

சீடன்: ஐயா, இது துரைமார் கொண்டுவந்த சாமிதானே என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

குரு: துரை இங்கே ரப்பர் நடுவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டார்கள். அவர்களுக்காக அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. அந்த இரண்டாவது புத்தகம், குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் போர்த்துகீசிய மறைநூல் ஒன்றின் தமிழாக்கம். நாம் இப்போது பேசுவதுபோல என்று வைத்துக்கொள். ஆனால் பரதவர்கள் சேர்ந்ததில் போர்த்துகீசியரின் பாதுகாப்பு வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. வீட்டில் அதையும் சேர்த்துச் சொல். பாதி உண்மை சொல்லி யாரையும் சமாதானப்படுத்தாதே.

சீடன்: சரி. கடவுள் ஒருவரா, மூவரா?

குரு: ஒருவர். மூன்று ஆள் என்கிற பேச்சுக்குப் பிறகு வருவோம். வெறும் எண்ணிக்கைப் புதிராகக் கேட்டால் அது வேடிக்கையாகத்தான் தெரியும். உலகம் எங்கிருந்து வந்தது என்று முதலில் கேள்.

சீடன்: அது எனக்கு ஓரளவு தெரியும். கோவிலில் சமய வகுப்புக்குப் போயிருக்கிறேன். இறைவன், உயிர், தளை என்கிற பதி, பசு, பாசம் மூன்றும் அநாதி. உலகத்துக்கு மாயை முதற்காரணம், இறைவன் நிமித்த காரணம்.

குரு: நன்றாகப் படித்திருக்கிறாய். இங்கேதான் நாங்கள் பிரிகிறோம். கிறித்தவம் சொல்வது: கடவுளோடு கூடவே என்றும் இருந்த பொருள் எதுவும் இல்லை. மாயை இல்லை, மூலப்பொருள் இல்லை. இன்மையிலிருந்து உலகத்தை உண்டாக்கினார். உலகம் கடவுளின் துண்டும் இல்லை, அவருக்குப் பகையும் இல்லை. படைத்துவிட்டு, நல்லது என்றார். தொடக்கநூலின் முதல் அதிகாரத்தில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மண் நல்லது, உடம்பு நல்லது. விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுக்க ஓடி, மங்கு மங்காகப் பால் எடுத்துத் தேய்ந்துபோன உங்கள் பாட்டியின் கை முட்டியும் நல்லது. அது தேய்ந்தது கடவுளுக்கு அற்பச் செய்தி ஆகாது.

சீடன்: அப்படியானால் உங்கள் கடவுளுக்குத்தான் சிக்கல் பெரிது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்தை இறைவன் உண்டாக்கவில்லை. அது அநாதியாகவே உயிரை மறைத்துக்கொண்டிருக்கிறது. அவர் அதை நீக்க வருகிறவர். நீங்களோ எல்லாவற்றையும் அவர்தான் படைத்தார் என்கிறீர்கள். தீமையும் அவர் கணக்கில்தானே ஏறும்?

குரு: ஏறும். வாதமாக மட்டும் பார்த்தால் இந்த இடத்தில் சித்தாந்தத்துக்கு வசதி அதிகம், அதை நான் மறுக்கமாட்டேன். அகுஸ்தினாரும் இளவயதில் ஒன்பது ஆண்டு போல மானியின் வழியில் இருந்தவர். ஒளி ஒரு மூலம், இருள் ஒரு மூலம் என்கிற வழி அது. அதிலும் இதே வசதி உண்டு. அதைவிட்டு வெளியே வந்தபிறகு அவர் சொன்னது, தீமை என்று தனியாக ஒரு பொருள் இல்லை, நன்மை கெட்டுப்போவதுதான் தீமை என்று.

சீடன்: புத்தகத்தில் படிக்க அழகாக இருக்கும். சயாமில் போய்ச் சொல்ல முடியுமா? என் சின்னத் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் இரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். திரும்பவில்லை. காலரா என்று யாரோ வந்து சொன்னார்களாம். காலரா 'நன்மை கெட்டுப்போனது' இல்லை, ஐயா. அது ஒரு கிருமி.

குரு: சொல்ல முடியாது. அகுஸ்தினாரின் வாக்கியம் ஒன்றுக்குத்தான் பயன்படும். தீமைக்கு ஒரு சாமி இல்லை, அது கடவுளுக்குச் சமமாக நின்று ஆளவில்லை என்று காட்டும். வலி பொய் என்று காட்டாது. அந்த இரயில் பாதை 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், சாவகத்தார் என்று ஆசியத் தொழிலாளர்கள் செத்தது அதைவிடப் பல மடங்கு. காஞ்சனபுரியில் அந்தச் சிப்பாய்களுக்கு வரிசையாகக் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்த தகடு. நம்மவர்களுக்குப் பெயரும் இல்லை, குழியும் இல்லை.

சீடன்: அத்தை சொல்வார், எல்லாம் முன்வினை என்று.

குரு: அத்தையைக் குறை சொல்லாதே. துக்கத்துக்கு ஏதாவது ஒரு பிடி வேண்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இயேசு வளைந்துகொடுக்கவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததை அவரே எடுத்துச் சொன்னார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். சயாமில் செத்தவன் எதற்கும் தண்டனை வாங்கவில்லை. அதுவரைக்கும் எங்களுக்குத் தெளிவு.

சீடன்: அதற்குமேல்?

குரு: அதற்குமேல், மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார், அவன் அதைக் கெடுத்தான் என்று சொல்வோம். சவுக்கெடுத்தவனுக்கு அது பொருந்தும். காலராவுக்குப் பொருந்தாது. பல பிரசங்கிகள் பொருந்துவதுபோலப் பேசிவிட்டுப் போவார்கள். யோபுவின் நண்பர்களும் அப்படித்தான் பேசினார்கள், ஒவ்வொரு வரியிலும் கடவுளுக்காக வழக்காடினார்கள். புத்தகத்தின் கடைசியில் கடவுள் கோபப்படுவது அவர்கள்மீது. தன்னோடு சண்டை போட்ட யோபு சரியாகப் பேசினான் என்கிறார். தீமை ஏன் வந்தது என்பதற்கு எங்களிடம் விளக்கம் கொஞ்சம்தான் இருக்கிறது. கடவுள் அதை என்ன செய்தார் என்பதைத்தான் நாங்கள் சொல்ல வந்தோம்.

சீடன்: மகனை அனுப்பினார் என்பீர்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. துரை பங்களாவில் இருப்பார். லயத்துக்கு வரமாட்டார். அவருக்குப் பதிலாகக் கங்காணி வருவான். ஊரில் வந்து ஆசை காட்டியது அவன், கப்பலுக்கு முன்பணம் கொடுத்தது அவன், வேலைக்குப் போகும் ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு வாங்கியதும் அவன். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும்வரை நடந்த கதை. உங்கள் இயேசு யார், கங்காணியா?

குரு: (சற்று நேரம் பேசவில்லை.) 325-இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி வாதாடியது ஏறக்குறைய இதைப் பற்றித்தான். ஆரியுசு என்கிற குரு, மகன் கடவுளால் படைக்கப்பட்டவர், எவ்வளவு உயர்ந்தாலும் படைப்புதான் என்றார். அவர் சொன்னது சரியென்றால் நீ சொன்னதும் சரி. பெரியவர் மேலே பத்திரமாக இருந்துகொண்டு வேறொருவரை அடிவாங்க அனுப்பினார் என்று ஆகும். சங்கம் அதை ஏற்கவில்லை. தந்தை எந்தக் கடவுளோ அதே கடவுள்தான் மகன் என்றது. வந்தவர் கங்காணி அல்லர். பங்களாக்காரரே லயத்துக்கு வந்தார். மூவொரு கடவுள் என்கிற போதனையை எண்ணிக்கையாகப் பார்க்காதே என்று சொன்னேனே, இதற்காகத்தான். அதை எடுத்துவிட்டால் சிலுவை ஒரு கொடுமையான கதை, அவ்வளவுதான்.

சீடன்: ஆனாலும் கடன் கணக்கை விடமாட்டேன் என்கிறீர்களே. நாம் பட்ட கடனை அவர் அடைத்தார் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேட்கிறேன். எங்கள் சனத்துக்குக் கடன் என்றால் என்ன என்று தெரியும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1921 வரை 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்ததாம். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, கட்டுகிறவர் அழைத்துக்கொண்டு போகலாம் என்று எழுதியிருக்கும். இன்னொரு தோட்டத்துத் துரை பணத்தைக் கட்டுவார். கடன் தீராது, புதுத் துரை பெயருக்கு மாறும். ஆளும் கூடவே மாறுவான். உங்கள் மீட்பும் தோட்டம் மாறுவதுதானா? பணம் யார் கைக்குப் போனது?

குரு: நல்ல இடத்தில் கை வைத்தாய். நான்காம் நூற்றாண்டிலேயே நசியான்சு ஊர் கிரகோரியார் இதைக் கேட்டுவிட்டார். சாத்தானுக்கா கட்டினார்? கொள்ளைக்காரனுக்குக் கூலியா, வெட்கம் என்றார். தந்தைக்கா? அவர் எதற்கு மகனின் இரத்தத்தை வாங்கவேண்டும்? இரண்டையும் தள்ளினார். பிறகு 1098-இல் அன்செல்ம் ஒரு நூலை முடித்தார். அதுவும் குரு சீட உரையாடல்தான், சீடன் பெயர் போசோ. கடவுளின் மாட்சிக்கு மனிதன் குறை வைத்தான், ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்யக்கூடியவர் கடவுள், ஆகவே இரண்டுமாக ஒருவர் வந்தார் என்பது அவர் வாதம். கட்டுக்கோப்பானது. ஆனால் அதில் பண்ணையார் காலத்து மானக் கணக்கின் வாடை அடிக்கிறது. எனக்கு அது முழுதாக ஒத்துவரவில்லை.

சீடன்: உங்களுக்கு எது ஒத்துவருகிறது?

குரு: நீ எனக்கு நூறு வெள்ளி தரவேண்டும் என்று வை. போகட்டும், திருப்பித் தரவேண்டாம் என்கிறேன். நூறு வெள்ளி எங்கே போனது? யாருக்கும் போகவில்லை. என் பையில் நூறு குறைந்தது. மன்னிப்பு என்றால், மன்னிக்கிறவன் நட்டத்தைத் தானே ஏற்றுக்கொள்வது. இயேசு சொன்ன உவமையில் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரனை அரசன் அப்படித்தான் விடுகிறான். யாரும் வந்து கட்டவில்லை, கடன் வேறு பெயருக்கு மாறவில்லை. சிலுவையை நான் அப்படிப் படிக்கிறேன். கடன் கொடுத்தவரே நட்டத்தைத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டார். கொடுத்தவர் ஒருவர், நட்டப்பட்டவர் இன்னொருவர் என்றால் அது மன்னிப்பே இல்லை, உன் துண்டுதான். நிசேயா ஏன் வேண்டியிருந்தது என்று இப்போது தெரிகிறதா?

சீடன்: தெரிகிறது. ஆனால் நாங்கள் ஏன் இன்னொருவர் தயவில் மீளவேண்டும்? தோட்டங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்ற துண்டாடல் காலத்தில், 1960-இல் அரசியல் தலைவர் சம்பந்தன் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகப் பாட்டாளிகளே கட்டினார்கள், தோட்டம் வாங்கினார்கள். அதுதான் எனக்கு மீட்பாகத் தெரிகிறது.

குரு: அது பெரிய காரியம். அதைக் குறைத்துப் பேசுகிற கிறித்தவன் யாக்கோபின் திருமுகத்தைப் படிக்காதவன். செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்கிறார் அவர். தோட்டத்தை அப்படி வாங்கலாம், வாங்கத்தான் வேண்டும். ஆனால் உன் கதையில் கங்காணி யார்? வெள்ளைக்காரனா?

சீடன்: இல்லை. நம்ம ஊர் ஆள். சில நேரம் சொந்தக்காரன்.

குரு: அவனைப் பத்து வெள்ளி கட்டி மாற்ற முடியுமா? துரையை அனுப்பிவிட்டோம். கங்காணி இருக்கிறான், உன்னிலும் என்னிலும். எங்கள் கோவில் என்ன சுத்தமா? தமிழ்நாட்டில் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்துக்கு முன்னால் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டினார்கள், நடுவில் சுவர். 1910-இல்தான் இடித்தார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் கட்டிய சுவர் அது. ஆதிப்பாவம் என்று ஏதோ தோட்டத்தில் பழம் தின்ற கதை சொல்கிறார்கள் என்று முன்பொரு நாள் நீ சிரித்தாய் அல்லவா? நல்லது எது என்று தெரிந்தும் கை வேறு பக்கம் போகிறதே, அதன் பெயர்தான் அது. அங்கே எனக்கு வெளியிலிருந்து உதவி வேண்டும். கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

சீடன்: கடைசியாக ஒன்று. சின்னத் தாத்தா மாரியம்மனைக் கும்பிட்டவர். கிறிஸ்துவின் பெயரைக் கேட்டிருப்பாரா என்றே தெரியாது. அவருக்கு மீட்பு உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

குரு: பழைய நாட்களில் திருச்சபைக்கு வெளியே மீட்பில்லை என்று இறுக்கமாகச் சொன்னவர்கள் உண்டு. இன்றும் சில சபைகளில் அப்படியே கேட்பாய். கத்தோலிக்கத் திருச்சபை 1964-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தம் குற்றம் இல்லாமல் நற்செய்தியை அறியாமல், நேர்மையான மனத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றுபடி வாழ முயன்றவர்களும் மீட்படையலாம் என்று எழுதி வைத்தது. 'உண்டு' என்று சீட்டு எழுதித்தர எனக்கு அதிகாரம் இல்லை. தீர்ப்பு சொல்லப்போகிறவர் யார் என்று மட்டும் தெரியும். அவரும் அந்நியப் படை கையில் அடிபட்டுச் செத்தவர்.

சீடன்: சின்னத் தாத்தாவுக்கே மீட்பு கிடைக்கலாம் என்றால், நான் எதற்கு ஞானஸ்நானம் எடுக்கவேண்டும்?

குரு: நரகத்துக்குப் பயந்து என்றால் எடுக்கவே வேண்டாம். பயத்தில் வருகிறவன் துரைக்குச் சலாம் போட வருகிறான். நான் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்கலாம் என்று உனக்குத் தோன்றினால், அப்போது வா. இந்தப் பாஸ்காவுக்கு அவசரம் இல்லை, அடுத்ததும் வரும். யோபு 42 அதிகாரம். படித்து, நண்பர்கள் சொல்வதில் உனக்குச் சரியாகத் தெரிகிற இடங்களில் கோடு போட்டுக்கொண்டு வா. அதை வைத்துச் சண்டை போடுவோம்.

சீடன்: சரி, ஐயா.

குரு: இன்னொன்று. சின்னத் தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடு. நவம்பரில் இறந்தோர் நினைவுப் பூசையில் பெயர்களை வாசிப்பார்கள்.

சீடன்: அவர் சபையைச் சேர்ந்தவர் இல்லையே?

குரு: ஃபாதரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்பா பெயரையும் சேர்த்து எழுது, ஒரே பெயரில் பலபேர் போயிருப்பார்கள்.