புரியாமையும் நேர்மையும்

புரியாத கவிதையைப் புரிந்ததாக எழுதிக் கொடுப்பது பொய்தானா? பரீட்சை விஷயத்தில் இக்கேள்வியை நாம் எழுப்புவதில்லை. மார்க் வந்தால் சரி.

பி.ஏ. ஆங்கிலத்தில் எனக்கு எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ பாடம். 1922இல் வெளியானது. நானூற்றுச் சொச்சம் வரிகள். பல பாஷைகள் குறுக்கிடும். முடிவில் பிருகதாரண்யக உபநிஷதம். எங்கள் வகுப்பில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். சிலர் ராத்திரி ஷிப்டு முடித்து பனியன் கம்பெனியிலிருந்து நேரே வந்தவர்கள். இவர்கள் கைடைப் பிடித்துக்கொண்டதைக் குற்றமாகச் சொல்ல நான் தயாரில்லை. எலியட்டே, தனிப் புத்தகத்துக்குக் கவிதையின் நீளம் போதாததால் குறிப்புகளை விரித்தவர். அவை வாசகர்களை வீண் தேடலில் இறக்கிவிட்டதற்காக 1956இல் ஒரு சொற்பொழிவில் வருத்தமும் தெரிவித்தார்.

கைடு செய்யும் தீங்கு வேறு. கவிதையில் வரும் தேம்ஸ் நதியை ‘ஆன்மீக வறட்சியின் குறியீடு’ என்று அது முடித்துவிடுகிறது. 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன ஊர் எங்களுடையது. சாயம் ஓடிய நொய்யலைத் தினம் கடந்து வந்த மாணவனுக்கு அந்த வரிகளிடம் கேட்க ஏதாவது இருந்திருக்கும். விடை முந்திக்கொண்டதால் அவன் கேள்வி பிறக்கவே இல்லை.

ஆக, பொய்தான், ஆனால் மாணவன் தானாகச் சொன்னதல்ல. ‘இந்த இடம் எனக்குப் புரியவில்லை, இன்ன காரணத்தால்’ என்று எழுதுகிறவனுக்கு மார்க் கிடையாது என்கிற ஏற்பாடு அவனைச் சொல்ல வைக்கிறது. அவனுடைய சொந்த வாசிப்பு அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்க முடியும் என்று எனக்குப் படுகிறது.